தெற்கே போன கார பன்கள்

ஈஸ்ட் போட்டுப் பொங்கிய மைதா மாவில், வதக்கிய வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கொட்டிப் பிசையும்போது ஒரு வாசனை எழும். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் காரம், அடியில் கறிவேப்பிலையின் பச்சை மணம். எனக்குப் பத்து வயதாக இருந்த அந்த மழைக்காலம் முழுவதும் சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீடு அந்த வாசனையில்தான் கிடந்தது. திரைச்சீலையில், பள்ளிச் சீருடையில், தலைமாட்டுத் தலையணையில்கூட அது ஏறியிருந்தது. விருந்தாளிகள் வாசலிலேயே மூச்சை இழுத்து "ஆஹா" என்பார்கள். எனக்கு அது இன்றைக்கும் ஆகாது.

அம்மா ஓசூர்க்காரி. அந்தப் பக்கத்து பேக்கரிகளில் கார பன் இல்லாத கண்ணாடிப் பெட்டியே கிடையாதாம். ரயில்வே குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டு வங்காளத்துக்கு வந்து சேர்ந்தவள், "இந்த ஊர்ல பன்னுன்னா இனிப்பாத்தான் இருக்கணும்னு சட்டமா போட்டிருக்காங்க?" என்று சலித்துக்கொண்டு, தானே சுடக் கற்றுக்கொண்டாள். அலுமினியத்தில் வட்டமாக, மூடியில் கண்ணாடி பதித்து, வயரை மாட்டினால் அடிவயிறு சிவக்கிற ஒரு மின்சாரச் சாமான் எங்களிடம் இருந்தது. "ரவுண்ட் அவன்" என்போம். பக்கத்து ராம்ராஜாதலாவில் "பாவ்ருட்டி" என்கிற ரொட்டி சுடுகிற கடைக்காரரிடம் கொஞ்சம் ஈஸ்ட் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சுடுவாள். என் அண்ணன் சேகருக்கு அது ஆறும்வரை பொறுமை இருக்காது. அடுப்புப் பக்கத்திலேயே நின்று பிய்த்துப் பிய்த்து, வாயைத் திறந்து ஆவியை ஊதிக்கொண்டே தின்பான். அவன் பங்கு போக எனக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கருகினது.

அண்ணனுக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்புத் தேர்வை அங்கே "மாத்யமிக்" என்பார்கள். அதில் அவன் கணக்கில் தேறவில்லை. முடிவு வந்த அன்று மத்தியானம் அவன் தட்டின் முன் உட்கார்ந்து குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அப்பா பொதுவாக அதிகம் பேசாதவர். ஆனால் எங்கள் வீட்டில் பேசக்கூடாததெல்லாம் சாப்பாட்டு நேரத்தில்தான் பேசப்படும், ஏனென்றால் அப்போதுதான் எல்லாரும் ஒரே இடத்தில் அகப்படுவோம். "மாத்யமிக்ல கோட்டை விட்டவனுக்குச் சோறு ஒரு கேடா?" என்றார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ அப்பாக்கள் சொல்கிற வார்த்தைதான். அண்ணன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுக் கையை உதறி எழுந்தான். குழாயடிக்குப் போகிறான் என்றுதான் நினைத்தோம். போனவன் திரும்பி வரவில்லை.

ரயில்வே பிள்ளைகள் தொலைந்துபோவதில் ஒரு விசேஷம் உண்டு. ஊரார் பிள்ளை டிக்கெட் இல்லாமல் வண்டி ஏறினால் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள், அதனாலேயே அவன் கிடைத்துவிடுவான். எங்கள் பிள்ளைகளை ஒருவரும் இறக்கமாட்டார்கள். "மாத்ராஜி பாபுர் சேலே", மதராஸி பாபுவின் பையன், என்று யார்டு முழுக்க அண்ணனைத் தெரியும். தெற்கே போகிற வண்டியில் அவன் ஏறியதைப் பார்த்த, தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் கையசைத்து வழியனுப்பியிருக்கிறார். டிக்கெட் பரிசோதகர் இடம் தேடிப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். அடையாளம் தெரிந்த அத்தனை பேரும் அன்பாக நடந்துகொண்டார்கள், அந்த அன்பிலேயே பையன் கைநழுவிப் போனான். கரக்பூருக்கு அப்பால் அவனைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அப்பா ரயில்வே போலீசில் புகார் கொடுத்தார், போட்டோ கொடுத்தார், கட்டுப்பாட்டு அறைத் தொலைபேசியில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சொல்ல வைத்தார். அம்மா இவை எதையும் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. வந்தவர் போனவர் எல்லாரிடமும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"சாப்பிடாம போயிட்டான். பிசைஞ்ச சோறு அப்படியே தட்டுல இருந்துச்சு."

எங்கள் குடியிருப்பில் தபாலை நம்புகிறவர்கள் குறைவு. கரக்பூரில் இருக்கும் மகளுக்கு ஊறுகாய், கட்டக்கில் படிக்கும் தம்பிக்கு ஸ்வெட்டர் எதுவானாலும் "கார்டு கையில" கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். வண்டியின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு போகிற கார்டு தன் கறுப்புத் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் பொட்டலத்தை வைத்துக்கொள்வார். அவர் வண்டியை ஒப்படைக்கும் ஊரில் பொட்டலமும் அடுத்த கார்டின் கைக்கு மாறும். எதிர்வீட்டு மண்டல் காகு, மண்டல் சித்தப்பா, அப்படியொரு கார்டு. அண்ணன் போன வாரத்திலேயே ஒருநாள் அம்மா அவர் வேலைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து, செய்தித்தாளில் சுற்றிய கார பன்களை நீட்டினாள். விலாசம் இல்லாத பொட்டலம்.

"உயரமா, ஒல்லியா இருப்பான். இடது புருவத்துல ஒரு வெட்டு. எந்த பிளாட்பாரத்துல கண்ணுல பட்டாலும் இதைக் குடுக்கச் சொல்லுங்க. அம்மா குடுத்ததுன்னு சொல்லுங்க."

காகு என்ன சொல்வார் பாவம். "சிந்தா கொர்பேன் நா, பௌதி," என்றார், கவலைப்படாதீங்க அண்ணி. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். சோறு கெட்டுவிடும், சப்பாத்தி வறண்டுவிடும், வெங்காயத்தை ஈரம் போக வதக்கிப் போட்டால் பன் தாங்கும். நின்றபடியே தின்னலாம், தட்டு வேண்டாம். அம்மா இதையெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அன்றிலிருந்து தினமும் சுட ஆரம்பித்தாள்.

காலையில் எழுந்தால் மாவு, பள்ளி விட்டு வந்தால் மாவு. என் தலைக்கு யார் எண்ணெய் வைத்தார்கள், யார் பின்னல் போட்டார்கள் என்று நினைவில்லை. பல நாள் பின்னலே இல்லாமல் போயிருக்கிறேன். பின்கட்டில் அம்மா கண்ணுக்குக் கண்ணாக வளர்த்த கறிவேப்பிலைச் செடி, இலை உருவி உருவிக் குச்சியாக நின்றது. அப்பா ஒரு நாளும் தடுக்கவில்லை. கல்கத்தாவில் லேக் மார்க்கெட் வரைக்கும் போய்க் கறிவேப்பிலை வாங்கி வந்து பேசாமல் அடுக்களை வாசலில் வைத்துவிட்டுப் போவார். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது நின்றுபோயிருந்தது. எனக்கு அப்பா மேல் கோபம், அம்மா மேல் பயம், அண்ணன் மேல் இரண்டும்.

ஒரு சாயங்காலம் பன்கள் அரைவேக்காட்டில் இருக்கும்போது மின்சாரம் போயிற்று. அந்த நாளில் "லோட்ஷெடிங்" எங்களுக்குப் புதிதல்ல, ஆனால் காகு கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா அந்த அலுமினியச் சாமானைக் குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கை சுடுவதுகூடத் தெரியாமல், பக்கத்து வீட்டில் நாங்கள் சித்தி முறையில் கூப்பிடும் சந்தியா மாசியின் "உனுன்" என்கிற கரி அடுப்புக்கு ஓடினாள். இரும்புக் கடாயில் மணலைக் கொட்டி, பன்களை ஒரு தட்டில் வைத்து அதன்மேல் இறக்கி, மூடி, மூடிக்கு மேலே கரித் தணலை அள்ளிப் போட்டார்கள். மாசி விசிறினாள், அம்மா ஊதினாள். எடுத்துப் பார்த்தபோது மேலே கரி, உள்ளே ஈரம். அம்மா கத்தியால் கருகியதைச் சுரண்டச் சுரண்ட பன் பாதியாயிற்று. அழுதுகொண்டே அந்தப் பாதிகளைப் பொட்டலம் கட்டினாள். "இன்னிக்குன்னு பார்த்து அவன் கிடைச்சிட்டா? இன்னிக்குன்னு பார்த்து?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மாசி அவள் முதுகைத் தடவி, "துர்கா பூஜோவுக்கு எல்லாப் பிள்ளையும் வீடு திரும்பும்மா," என்றாள். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

துர்கா பூஜைக்குப் பந்தல் மூங்கில் நடத் தொடங்கிய நாட்களில் காகு வாசலிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். ஒரிசாவின் தெற்குக் கோடியில் இருக்கும் பெர்ஹாம்பூர் பிளாட்பாரத்தில் உயரமாக ஒரு பையன் இருக்கிறானாம். நீ சாந்த்ராகாச்சி பாபுவின் மகனா என்று அந்தப் பக்கத்து கார்டு கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினானாம். அம்மா கொடுத்தது என்று சொல்லிப் பன்னைக் கொடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதானாம். கொஞ்ச நாளாகவே தினமும் அந்த வண்டிக்குக் காத்திருந்து கடைசிப் பெட்டிக்கு ஓடி வருகிறானாம்.

எங்கள் வீட்டில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அப்பா பாஸ் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பினார். அம்மா அன்று சுட்ட பன்களில் வெங்காயத்தை இரட்டிப்பாகப் போட்டாள். அவர் போனபின் அண்ணன் சட்டைகளையெல்லாம் மறுபடி துவைத்து, கஞ்சி போட்டு, கொடியில் போட்டாள். என்னை உட்கார வைத்துப் பின்னல் போட்டுவிட்டாள்.

அப்பா ஒரு காலையில் தனியாக வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார்.

"நம்ம சேகர் இல்ல. யாரோ தெலுங்குப் பையன்."

அம்மா அவருக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"பொய் சொல்லி வாங்கித் தின்னிருக்கான். அப்பா பேரு என்னடான்னு கேட்டேன், முழிக்கிறான். நாலு திட்டு திட்டினேன், எடுத்தான் ஓட்டம்."

அப்பாவின் குரல் உடைந்துதான் இருந்தது. அவர் இரண்டு நாள் தூங்காதவர், வழி முழுக்க மகனிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவர். இப்போது எனக்கு அது புரிகிறது.  அம்மா அவர் தோள்பையைப் பார்த்தாள்.

"நீங்க கொண்டுபோன பன்னை அந்தப் பையனுக்குக் குடுத்தீங்களா?"

அப்பா தோள்பையைக் கீழே வைத்தார். அம்மா பையைத் திறந்தாள். பொட்டலம் கட்டு அவிழாமல் இருந்தது. புழுக்கத்தில் பன்களின் மேல் பூஞ்சை படர்ந்திருந்தது. அம்மா அப்பாவை எதிர்த்துக் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருநாள்தான்.

"பசிக்கலேன்னா எவனாவது அடுத்தவங்க அம்மாவை என் அம்மான்னு சொல்வானா? ரெண்டாவது தடவையும் ஒரு பிள்ளையைத் தட்டுலேர்ந்து எழுப்பி அனுப்பிட்டு வந்திருக்கீங்களே!"

அப்பா அங்கேயே, செருப்போடு, தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவரைத் தேற்ற அந்த வீட்டில் ஆள் இல்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்கும் அவர் பக்கம் போகத் தோன்றவில்லை.

அன்று மாலையே அம்மா மறுபடி மாவு பிசைந்தாள். இந்த முறை காகுவிடம் புருவத்து வெட்டைப் பற்றிப் பேசவில்லை. "அந்த பெர்ஹாம்பூர் பையன்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. அவர் திட்டினதை மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லுங்க," என்றாள். பொட்டலங்கள் போயின. பையன் தென்படவில்லை என்று சேதி வந்தது. அப்பாவுக்குப் பயந்து வேறெங்கோ போய்விட்டான். அம்மா இப்போது இரண்டு பேரைத் தேடினாள். பூஜை வந்தது, தாக் மேளம் அடித்தார்கள், வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைகள் புதுச்சட்டையோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். அம்மா நான்கு நாளும் வாசலிலேயே இருந்தாள். தேவியை ஆற்றில் கரைத்துவிட்டு லாரிகள் வெறுமனே திரும்பிய மறுநாள் அவள் மாவு பிசையவில்லை. 

அப்பா ஓய்வுபெற்றுக் குடியிருப்பைக் காலி செய்தபோது, பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்து, பழைய வீட்டுக்கு வந்தவர்களிடம் எங்கள் புது விலாசத்தைச் சொல்லி வைத்தார். அவர்கள் மாறியபோது அடுத்தவர்களிடமும் போய்ச் சொன்னார். அவரும் போய்ச் சேர்ந்து வருடங்களாகின்றன. அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். கார்டுகளுக்கு இப்போது வேறு பதவிப்பெயர். கறுப்புத் தகரப் பெட்டிக்குப் பதில் சக்கரப் பை இழுத்துக்கொண்டு போகிறார்கள், அவர்கள் கையில் ஊறுகாய்ப் பாட்டிலைக் கொடுத்தனுப்ப யாருக்கும் துணிச்சலும் இல்லை, தேவையும் இல்லை. சந்தியா மாசியின் கரி அடுப்பு போனது, மாசியும் போனாள்.

அம்மா என்னோடு காளிகாட்டில் இருக்கிறாள். போன மாதம் என் மகள், செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, கார பன் சுட்டுத் தரச் சொல்லி நச்சரித்தாள். இத்தனை வருடம் நான் என் வீட்டில் சுட்டதில்லை. வேறு வழியில்லாமல் சுட்டேன். வாசனை வந்ததும், அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று ஜன்னலைத் திறந்துவிட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அடுக்களைக்கு வந்தாள். ஒரு பன்னை எடுத்து, பிய்த்துப் பார்த்து, வெந்திருக்கிறது என்று தலையாட்டினாள். பேத்தியிடம் கொடுத்து அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு என்னைப் பார்த்து, "அந்த பெர்ஹாம்பூர் பையனுக்கு இப்போ கல்யாணம் ஆகி, புள்ளைங்கல்லாம் பெருசாகியிருக்கும் இல்ல?" என்றாள்.

"ஆகியிருக்கும்மா," என்றேன்.

அண்ணனைப் பற்றி அவள் அப்படிக் கேட்டதே இல்லை.