அணில் கூட்டி வைத்த அண்டி

களவு செய்யாத ஒரு பெண்ணைக் கள்ளி என்று நான் ஊருக்குச் சொன்னேன். வாய் திறந்து சொல்லவில்லை. நாற்பது வினாடிக் காணொளி ஒன்றைக் கைபேசியில் அனுப்பிச் சொன்னேன். வாயால் சொல்லியிருந்தால் நாலு பேர் கேட்டிருப்பார்கள், அவர்களில் ஒருவராவது என்னைத் திருப்பிக் கேட்டிருப்பார். எழுபத்தோரு வயதில், யோசிக்க வேண்டிய மட்டும் நேரமிருந்த ஒரு காலை வேளையில் இதைச் செய்தேன். கோபத்தில் செய்துவிட்டேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. காப்பி குடித்துக்கொண்டே செய்தேன்.

நான் சென்னையில் காப்பீட்டு நிறுவனங்களுக்காக இழப்பு மதிப்பீடு செய்தவன். எரிந்துபோன கிடங்கு, வெள்ளத்தில் நின்ற லாரி, பூச்சி அரித்த பஞ்சு மூட்டை என்று எது சேதமானாலும் போய்ப் பார்த்து, சொல்லப்படும் இழப்பில் எவ்வளவு உண்மை என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். மனிதர்கள் கூட்டித்தான் சொல்வார்கள் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். அதை நம்பியே முப்பது வருடத்துக்குமேல் சம்பாதித்தேன். மனைவியின் மூச்சுக் கோளாறுக்குச் சென்னைக் காற்று ஆகாது என்று மருத்துவர் சொன்ன பிறகு, களியக்காவிளை போகும் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில் வீடும் அதைச் சுற்றிய விளையும் வாங்கினோம். மரங்கள் நிற்கும் மேட்டு நிலத்தை அங்கே விளை என்பார்கள். எங்கள் விளையில் பதினோரு முந்திரி மரங்கள், இரண்டு பலா, கொஞ்சம் தென்னை. சுற்றுச்சுவர் கிடையாது.

சுவர் இல்லாதது என்னை வருத்தியது. எங்கள் முற்றத்தின் வழியாக ஆட்கள் நடந்து போனார்கள். புல்லுக்கட்டோடு போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், முன்பின் பார்த்திராத பெண்கள். போகிற போக்கில், "சாறே, இன்னைக்கு என்ன கறி?" என்று கேட்டார்கள். சாரை அங்கே சாறு என்றும் குழம்பைக் கறி என்றும் சொல்வார்கள். சென்னையில் பதினெட்டு வருடம் எதிர்வீட்டில் இருந்தவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. முதலில் வேவு பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவேன். என் மனைவி பதில் சொல்வாள், திருப்பியும் கேட்பாள்.

முந்திரி மரத்தைக் கொல்லாமரம் என்றும் அதன் கொட்டையை அண்டி என்றும் சொல்கிறார்கள். பழத்தின் அடியில் கொட்டை தொங்கும். பழுத்தால் இரண்டும் சேர்ந்தே கீழே விழும். அங்கே போன முதல் பருவத்தில் ஒரு வினோதத்தைக் கவனித்தேன். காலையில் போய்ப் பார்த்தால், சில மரங்களின் அடியில் அண்டிகள் மட்டும் ஒரே குவியலாகக் கிடக்கும். பழங்கள் இருக்காது. அணில் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டைகளைக் கூட்டி வைக்கிறது என்று முடிவுசெய்தேன். மழைக்காலத்துக்குச் சேர்த்து வைக்கும் அணிலின் அறிவைப் பற்றி மனைவியிடம் பேசவும் செய்தேன். இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது. தீயில் கருகிய கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எது தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று சொன்னவன் நான்.

அடுத்த பருவத்தில் பூக்கும் நேரத்தில் மழை பெய்து பூ கருகியது. அண்டி குறைந்தது. மழையை நான் சந்தேகப்படவில்லை. நாகர்கோவிலிலிருந்து ஆளை வரவழைத்து, வீட்டுக் கூரை விளிம்பில் விளையைப் பார்க்க ஒரு கேமரா வைத்தேன்.

நாலாம் நாள் அந்தப் பெண் அதில் அகப்பட்டாள். ஐம்பது வயது இருக்கும். நைட்டியின் மேல் துண்டு போட்டிருந்தாள், கையில் பெயிண்ட் வாளி. விடிந்தும் விடியாததுமாக வந்து, மரத்தடியில் குனிந்து குனிந்து எடுத்து வாளியில் போட்டாள். நான் நாற்பது வினாடி பார்த்தேன். அதற்குமேல் பார்க்கத் தோன்றவில்லை. அந்த நாற்பதை வெட்டி எடுத்தேன்.

மனைவி, "யாருன்னு கேட்டுட்டு அப்புறம் போடக் கூடாதா?" என்றாள்.

கேட்கத்தான் போடுகிறேன் என்றேன். ஊருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. மின்தடை, குடிநீர், சாவு எல்லாம் அதில்தான் வரும். "தோட்டத் திருட்டு. அடையாளம் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று எழுதிக் காணொளியைப் போட்டேன்.

எப்போதும் கூச்சலாக இருக்கும் குழு அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை ஆமோதிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயாக்கடைக்குப் பால் வாங்கப் போனேன். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். பாலைத் தராமல் ஒரு சாயாவை முன்னால் வைத்தார்.

"சாறே, அந்த வீடியோவ முழுசா பாத்தியளா?"

பார்க்கவில்லை என்றேன்.

"கொல்லாம்பழத்த யாரு வேணும்னாலும் பெறக்கலாம். தின்னலாம், ஆட்டுக்குக் குடுக்கலாம். அண்டி மட்டும் விளைக்காரனுக்கு. அதத் திருகி மரத்து மூட்டில கூட்டி வச்சிற்றுதான் போவினும். எனக்க அப்பன் காலத்திலயும் அப்படித்தான். சாறுக்க விளையிலயும் வச்சிருப்பாளே, பாக்கலியா?"

பார்த்தேன், அணில் என்று நினைத்தேன் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல அவகாசம் இருக்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. பெஞ்சில் இருந்த ஒருவர்தான், "சாறுக்க விளையில அணிலுக்கெல்லாம் நல்ல படிப்பு போல" என்றார்.

மீதியைக் கடைக்காரர் பாலை ஊற்றிக்கொண்டே சொன்னார். அவள் அண்டி ஆபீசில் வேலை செய்பவள். முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். சாயங்காலம் சங்கு ஊதியதும் வெளியே வரும் பெண்களின் மடியையும் பையையும் வாசலில் ஒருத்தி தடவிப் பார்ப்பாள், யாரும் பருப்பை எடுத்துப் போகாமலிருக்க. பல வருடமாக அந்த ஒருத்தி இவள்தான். ஒரு பருப்பு எடுக்காதவள் என்பதால் கொடுத்த வேலை. என் காணொளி போட்ட அன்றே ஆலைக்குப் போய்விட்டது. சாயங்காலம் வரிசையில் நின்ற ஒருத்தி, "மொதல்ல ஒனக்க மடியக் காட்டுட்டி" என்றிருக்கிறாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் அவளை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவளாகவே வேலைக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து முழுக் காட்சியையும் பார்த்தேன். ஆறு நிமிடம். அவள் ஒவ்வொரு பழத்திலிருந்தும் அண்டியைத் திருகித் துண்டின் தலைப்பில் போட்டாள், பழத்தை வாளியில் போட்டாள். கடைசியில் மரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுந்தாள். துண்டை உதறித் தோளில் போட்டாள். போகும் வழியில் என் தோட்டக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுகத் திருகிவிட்டுப் போனாள்.

இடத்தைப் போய்ப் பார்க்காமல் அறிக்கையில் கையெழுத்திடாதே என்று இளையவர்களுக்கு வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அன்று மாலையே குழுவில் மன்னிப்பு எழுதினேன். நீளமாக, நல்ல தமிழில். எழுதி முடித்து இரண்டு முறை வாசித்து, ஒரு சொல்லை மாற்றினேன். கூடவே முழுக் காணொளியையும் போட்டேன். அணில் விஷயத்தை மட்டும் எழுதவில்லை.

அது அடுத்த தவறு. முதல் காணொளியைப் பார்க்காதவர்கள் இப்போது இரண்டையும் தேடிப் பார்த்தார்கள். முதலில் அவள் யார் என்று தெரியாதவர்களுக்கும் தெரிந்தது. குழு இப்போது பேசியது. பெருந்தன்மை என்று என்னைப் பாராட்டினார்கள். அவளைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. என் மனைவி அதையெல்லாம் வாசித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "அவங்க வீடு இங்கேருந்து எவ்வளவு தூரம்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். தெரியாது. ரப்பர் தோட்டத்தைத் தாண்டினால் மூன்றாவது வீடு. நடந்தால் ஏழு நிமிடம்.

மறுநாள் இருவரும் போனோம். வெறுங்கையோடு போகக் கூடாது என்று எனக்குப் பட்டது. அந்தப் பருவத்தில் அதுவரை சேர்ந்த அண்டி முழுவதையும் ஒரு சாக்கில் கட்டி, ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனேன். மனைவி வேண்டாம் என்றாள். இவ்வளவு நடந்த பிறகும் நான் அவள் சொல்லைக் கேட்கவில்லை.

நாங்கள் போனபோது அந்தப் பெண் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமல் சொல்ல வந்ததைச் சொன்னேன். படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். அவள் விரல்களில் நகத்தைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்திருந்தது. வாசல் வேலைக்கு முன் கொட்டை உடைத்த காலத்தில் எண்ணெய் பட்டுப் பட்டு ஆன வடு அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"எனக்க தம்பி துபாயிலேருந்து விளிச்சான்" என்றாள். "அடுத்தவனுக்க விளையில பழம் பெறக்கவா போற, நான் அனுப்புதது போதாதான்னு கேட்டான். ஆட்டுக்குத்தான்னு சொன்னேன். அழுதான்."

அவன் பார்த்தது முதல் காணொளி இல்லை. என் மன்னிப்பு.

பிறகு சாக்கைப் பார்த்தாள். என்ன என்று கேட்டாள். ஆட்டோக்காரர் சொன்னார். அவள் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"சாறே, இத நான் வாங்கி வீட்டுக்குள்ள வச்சா, நீங்க சொன்னது சத்தியமாயிரும்லா?"

என் மனைவி தலை குனிந்துகொண்டாள். நான் சாக்கைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றச் சொன்னேன். பின் வேறு எதுவும் தோன்றாமல், நான் என்ன செய்ய வேண்டும் என்று அவளிடமே கேட்டேன். அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அவள் யோசிக்கவில்லை. ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள் போல.

"போன்ல ஒண்ணும் எழுதாண்டாம். ஆபீசு வாசல்ல, சங்கு ஊதும்போ, அவளுவ எல்லாம் வெளிய வரும்போ வந்து சொல்லுங்க. வாயால சொல்லுங்க. நானும் அங்க நிப்பேன்."

போனேன். ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன், ஆனால் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. சங்கு ஊதியது. பெண்கள் வரிசையாக வந்தார்கள். வாசலில் அன்று வேறொருத்தி மடி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை வரச் சொன்னவள் சாலைக்கு எதிர்ப்புறம், ஒரு மின்கம்பத்தின் அருகே நின்றாள். நான் குரலை உயர்த்தி, நான்தான் அந்தக் காணொளியைப் போட்டவன், அவள் ஒரு அண்டிகூட எடுக்கவில்லை, நான் ஒரு துண்டை மட்டும் வெட்டி அனுப்பினேன், பொய் என்னுடையது என்று சொன்னேன். என் சென்னைத் தமிழ் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"ஏட்டி, அணில் சாறு இவருதானா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. சாயாக்கடையிலிருந்து அதுவும் ஆலைக்குப் போயிருந்தது.

"ஆமா, நான்தான்" என்றேன். இன்னும் சிரித்தார்கள். நான் குழுவில் எழுதாமல் மறைத்த அணில் கதைதான் அவர்கள் என்னை நம்பும்படி செய்தது என்று நினைக்கிறேன். இவ்வளவு பெரிய முட்டாளுக்கு இந்தத் தவறு நேர்ந்திருக்கும் என்று அவர்களுக்குப் புரிந்தது.

முன்னால் நின்ற ஒரு பெண் சிரிக்காமல் சாலையைக் கடந்து போனாள். மடியைக் காட்டு என்றவள் அவள்தான் என்று பிறகு சொன்னார்கள். மின்கம்பத்தருகே போய், "நாளைக்கு வருவியா?" என்று கேட்டாள்.

மின்கம்பத்தருகே நின்றவள் மறுநாள் வேலைக்குப் போனாள். ஆனால் வாசலில் மடி பார்க்கும் வேலைக்குத் திரும்பவில்லை. அவர்கள் கொடுத்தார்கள், அவள் மறுத்துவிட்டாள் என்று சாயாக்கடைக்காரர் சொன்னார். "இனி ஒருத்திக்க மடியில எனக்குக் கை போவாது" என்றாளாம். பழையபடி கொட்டை உடைக்கும் இடத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தே செய்யும் வேலை, விரலைத் தின்னும் வேலை. அவள் இழந்ததை என் வாய் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கேமராவைக் கழற்றினேன். எங்கள் விளைக்கு அவள் மறுபடி வரவில்லை. மற்றவர்களும் முற்றத்தில் நடப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். பழங்கள் விழுந்து புளித்து நாறின, ஈ மொய்த்தது. ஒருநாள் விடிகாலையில் நானே குனிந்து பொறுக்கினேன். திருகினால் அண்டி எவ்வளவு லேசாகக் கையோடு வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. அண்டியை மரத்து மூட்டில், அதன் அடியில், கூட்டி வைத்தேன். பழத்தை ஒரு வாளியில் எடுத்துப்போய் அவள் வேலியோரம் வைத்தேன். கூப்பிடவில்லை.

சாயங்காலம் வாளி எங்கள் படியில் இருந்தது. காலியாக, கழுவி. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படி. பருவம் முடியும்வரை நடந்தது, அடுத்த பருவத்திலும் நடந்தது. அவளும் நானும் இன்றுவரை மறுபடி பேசியதில்லை. வழியில் கண்டால் என் மனைவியிடம் என்ன கறி என்று கேட்கிறாளாம்.

இந்த வருடம் பங்குனியில் ஒரு சாயங்காலம் கழுவிய வாளியை எடுத்தபோது உள்ளே ஏதோ உருண்டது. ஒரே ஒரு அண்டி. காலையில் நான் திருக மறந்து பழத்தோடு போட்டுவிட்டது. அதைக் கொண்டுபோய் மரத்து மூட்டில் மற்றவற்றோடு வைத்தேன்.