பசியாறியாச்சா?

நேற்றுக் காலை, பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் மின்தூக்கியில் பக்கத்து வீட்டுப் பையனிடம், "பசியாறியாச்சா தம்பி?" என்றேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். "பசிக்குதா அங்கிள்?" என்று தன் பையிலிருந்த பன்னை என் கையில் திணித்துவிட்டு ஓடினான். ஆறு லாரிக்கு முதலாளியாக இருந்தவனுக்கு ஒரு பன்! காயா ஜாம் தடவியது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

எங்கள் காலத்தில் அந்தக் கேள்விக்கும் பசிக்கும் சம்பந்தமே இல்லை. வணக்கத்துக்குப் பதில் அதுதான். சண்டை போட்டவனோடு மறுபடி பேச்சைத் தொடங்கவும் அதுதான். வேலையிடத்தில் எவனாவது ஓரமாகத் தூங்கினால், "பசியாறப் போயிருக்கான்" என்று முதலாளியிடம் சொல்லிக் காப்பாற்றுவோம். கேள்விக்குப் பதில் ஒன்றே ஒன்று: "ஆச்சு." வயிறு காய்ந்தாலும் "ஆச்சு"தான். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் மரியாதை தெரிந்தவன்.

ஒரே ஒரு தரம் தவறினேன், பெண் பார்க்கப் போன இடத்தில். காத்தோங்கில் பலகை வீடு. எனக்கு முந்தின வாரம் ஒரு கிராணி வந்து போயிருந்தார். ஆபீஸ் வேலை, படித்தவர், அவருக்குத்தான் பெண் என்று பேச்சு. நானோ அப்போது கூலிக்கு லாரி ஓட்டினேன். கோயிலில் அவளைப் பார்த்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

விடிந்ததிலிருந்து மணல் அடித்துவிட்டு, குளித்து, அக்காவோடு போய் உட்கார்ந்தேன். பெண்ணின் அப்பா கேட்டார்: "பசியாறியாச்சா?"

உள்ளே சார்டின் சம்பல் வாசம். "இன்னும் இல்லங்க" என்றது என் வாய். அக்கா தொடையைக் கிள்ளினாள்.

எட்டுத் தோசை. அப்புறம் உள்ளேயிருந்து அவள் குரல்: "அப்பா, மாவு தீந்துருச்சு லா! அவரப் போதும்னு சொல்லச் சொல்லுங்க!"

வீடே சிரித்தது, அக்காவைத் தவிர. "லாரிக்கு எண்ணெ ஊத்துற மாதிரியாடா திம்ப? எல்லாம் போச்சு" என்று வழியெல்லாம் திட்டினாள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் சேதி வந்தது. அவள் தன் அம்மாவிடம் சொன்னாளாம்: "அந்தக் கிராணி என் தோசையத் தொடவே இல்லம்மா. இவருக்கே குடுங்க."

போன மாதம் பேரனுக்குப் பெண் பார்த்தோம், ஹோட்டலில். சைவமா, அசைவமா, எது ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே கைப்பேசியில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். உட்கார்ந்ததும் அவரவர் தட்டு வந்தது. பையனும் பெண்ணும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். நல்லது, எனக்கும் சந்தோஷம்தான். இரண்டு குடும்பமும் வயிறு நிறையத் தின்று எழுந்தோம். யார் வீட்டு அடுப்பும் எரியவில்லை, யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.