நோட்டட் மேம்

என் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன வருடம், பள்ளிக்கூட விவகாரத்தை என் மனைவி என் தலையில் கட்டினாள்.

"எல்கேஜியிலிருந்து நான்தான் பாக்கறேன். இனி நீங்க பாருங்க. நானும் கொஞ்ச நாள் மனுசியா இருக்கேன்" என்றாள்.

இதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். கேரள எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்தில் கயிறும் பால் கேனும் விற்கிற கடை எனக்கு. மாட்டுச் சந்தை கூடுகிற நாளில் இந்தப் பக்கம் மலையாளம், அந்தப் பக்கம் தமிழ் என்று நாலு பேரிடம் ஒரே நேரத்தில் பேரம் பேசுகிறவன். ஒரு வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துக்கொள்ள முடியாதா?

ஒரு குழந்தைக்கு ஒரு நம்பர்தான் என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். என் மனைவியின் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைச் சேர்த்தார்கள். அன்று மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் குரூப்பைத் திறந்தேன். கும்பிடு, கும்பிடு, கும்பிடு. பூங்கொத்து. மறுபடியும் கும்பிடு. "நோட்டட் மேம்." "தேங்க்யூ மேம்." "நோட்டட் மேம் தேங்க்யூ." எதற்கு இத்தனை நன்றி என்று மேலே தள்ளிக்கொண்டே போனேன். தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் அகப்பட்டது: நாளைக்குப் பச்சைப் பென்சில் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதையும் "டியர் பேரண்ட்ஸ், கைண்ட்லி என்ஷ்யூர் தட் யுவர் வார்டு" என்று ஆரம்பித்து அரைப்பக்கத்துக்கு எழுதியிருந்தது.

எழுதியவர் வகுப்பு டீச்சர். ஆனால் அது அவர் பாஷை இல்லை. நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயம் செய்கிற தமிழ்க் குடும்பத்துப் பெண் அவர். ஸ்கூட்டரில் வருவார். கேட்டில் பார்த்தால், "பாப்பா மத்தியானம் சாப்பாட்ட மிச்சம் வெக்கறா, கொஞ்சமா குடுத்து விடுங்க" என்று நேராகச் சொல்கிறவர். குரூப்பில் மட்டும் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்பது பிரின்சிபாலின் உத்தரவு. ஸ்டாண்டர்டு குறைந்துவிடுமாம்.

அந்தப் பிரின்சிபால் எங்கேயோ பெரிய ஊரில் கம்பெனி உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்களுக்குச் சொந்தக்காரர் என்பது மட்டும்தான் அவர் படித்த கல்வியியல். டீக்கடையில் நல்ல தமிழில் பேசுவார். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் நாக்கு மடங்கிக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு தடவையாவது தன் போட்டோவைக் குரூப்பில் போடுவார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற போட்டோ, கொடி ஏற்றுகிற போட்டோ, யாருக்கோ சால்வை போர்த்துகிற போட்டோ. நிலம் வாங்கி விற்கிற ஒரு அப்பா உடனே "குட் இனிஷியேட்டிவ் சார்" என்று போடுவார். பிறகு கும்பிடு மழை.

நான் எதற்கும் பதில் போடவில்லை. பென்சிலைக் கொடுத்து அனுப்பினேன். இதற்கு எதற்கு நன்றி?

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு அசைன்மெண்ட் வந்தது. ஏதாவது ஒரு விலங்கின் வீட்டை மாதிரியாகச் செய்துகொண்டு வர வேண்டும், வீட்டில் கிடைக்கிற பொருட்களை வைத்து. கண்காட்சி நடக்கும், பெற்றோர் வர வேண்டும். கண்காட்சியைப் பற்றிய வரி பெரிய எழுத்தில் இருந்தது. வீட்டில் கிடைக்கிற பொருள் என்று சின்ன எழுத்தில் இருந்ததை யாரும் படிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

என் மகள் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து மாட்டுக்கொட்டாய் செய்தாள். கடைக்குச் சரக்கு வந்த அட்டைப் பெட்டிதான் கொட்டாய். தேங்காய் நார்க் கயிற்றைப் பிரித்து வைக்கோல் ஆக்கினாள். களிமண்ணில் ஒரு மாடு. அதற்குக் கால் நிற்கவில்லை. இரண்டு தடவை விழுந்ததும் படுக்க வைத்துவிட்டாள்.

"அசை போடுது அத்தா" என்றாள்.

பிறகு சந்தைத் திடலுக்குப் போய் ஒரு இலையில் சாணி அள்ளிக்கொண்டு வந்தாள். "இது எதுக்குடி?" என்று கேட்டேன்.

"கொட்டாய்ன்னா சாணி இருக்கும்ல?"

அதைப் பெட்டியின் தரையில் மெழுகி வெயிலில் காய வைத்தாள். கைவேலை ஒன்றும் பிரமாதம் இல்லை, கோணல்மாணல்தான். ஏழு வயசுக் கை எப்படிச் செய்யுமோ அப்படி இருந்தது.

கண்காட்சி அன்று கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். ஹாலில் நுழைந்ததும் தெர்மகோல் வெள்ளை கண்ணைப் பறித்தது. சிங்கத்தின் குகைக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. குருவிக்கூட்டில் பஞ்சுக் குருவி தலையாட்டியது. மாட்டுக்கொட்டாய்களும் இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக் கொல்லையில் மாடு கட்டி, விடியுமுன் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற குடும்பங்களின் பிள்ளைகள் கொண்டுவந்த கொட்டாய்களில் பனி பெய்திருந்தது. சரிந்த சிவப்புக் கூரை, பக்கத்தில் ஊசியிலை மரம், கழுத்தில் மணி கட்டிய பிளாஸ்டிக் மாடு. குகை, கூடு, கொட்டாய் எல்லாமே பொள்ளாச்சியில் ஒரு கடையில் ஆர்டர் கொடுத்தால் செய்து தருகிறார்களாம்.

விளக்கு எரிகிற குகைக்குப் பின்னால் நின்ற பையனிடம், "இது எப்படித் தம்பி செஞ்ச?" என்று கேட்டேன். அவன் தன் அப்பாவைப் பார்த்தான். 'குட் இனிஷியேட்டிவ்' எழுதுகிறவர்தான் அந்த அப்பா. "நாங்க சேந்து செஞ்சதுங்க" என்றார் அவர். கையில் பசை ஒட்டிய ஒரு அடையாளமும் இல்லை.

பிரின்சிபால் ஒவ்வொரு மேஜையாக வந்தார். என் மகளின் மேஜைக்கு வந்ததும் மூக்கைச் சுருக்கினார். "வாட் இஸ் திஸ் ஸ்மெல்?"

"சாணி சார். காஞ்சதுதான்" என்றார் டீச்சர்.

"ஹைஜீன், டீச்சர், ஹைஜீன்" என்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். தூக்கி வராந்தாவில் வைக்கச் சொன்னார். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கொட்டாயை வைத்தார்கள். என் மகள் அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, செருப்பு மாட்ட வந்தவர்களிடமெல்லாம் "இது அசை போடுதுங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். முதல் பரிசு விளக்கு எரிந்த குகைக்கு.

அன்று சாயங்காலம் குரூப்பில் பரிசு வாங்கியவரின் போட்டோவும் கீழே வாழ்த்துகளும் வந்தன. நானும் எழுதினேன், தமிழில்: "பரிசு வாங்கிய பொள்ளாச்சிக் கடைக்காரருக்கு என் வாழ்த்துகள். அடுத்த தடவை பிள்ளைகளுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம்."

ஒரு அம்மா பழக்க தோஷத்தில் அதற்கும் ஒரு கும்பிடு போட்டார். அதற்குப் பிறகு நான் நீக்கப்பட்டேன் என்று ஃபோன் சொன்னது.

மறுநாள் பிரின்சிபாலைப் போய்ப் பார்த்தேன்.

"குரூப்ல ஒரு டெக்கோரம் இருக்கு பாய். உங்க டோன் சரியில்ல" என்றார்.

"டோன் இருக்கட்டுங்க சார். நான் எழுதினது பொய்யா?"

"அது இஷ்யூ இல்ல. ஒரு மன்னிப்பு எழுதிக் குடுங்க, சேத்துடலாம்."

"அதுவரைக்கும் என் பொண்ணுக்கு என்ன வேலை குடுத்தீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அஃபிஷியல் சானல் குரூப்தான்" என்று சொல்லிவிட்டு மேஜையிலிருந்த பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். எழுந்து வந்துவிட்டேன்.

என் மனைவிக்குக் கோபம். "உங்க வாய்க்கு ஒரு கயிறு உங்க கடையிலயே இல்லையா?" என்றாள். தன் நம்பரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி ஆபீசுக்கு ஃபோன் செய்தாள். மன்னிப்பு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். "அப்படின்னா வேண்டாம்" என்று அவளும் ஃபோனை வைத்தாள். அந்த இடத்தில் அவளை எனக்கு மிகவும் பிடித்தது.

அதன் பிறகு வீட்டில் செய்தி சொல்கிறவள் என் மகள்தான். சாயங்காலம் பையைக் கழற்றியதும் கேட்போம், "நாளைக்கு என்ன?" அவள் பெரிய அதிகாரி மாதிரி யோசிப்பாள். "நாளைக்கு மஞ்ச டிரஸ்." மஞ்சள் சட்டையோடு போனால் அது ஒன்றாம் வகுப்புக்கு. "நாளைக்கு ஒன்னுமில்ல." அன்று பரீட்சை. பாதி சரி, பாதி தப்பு. டீச்சரிடம் கேட்கலாம் என்றால், குரூப்புக்கு வெளியே பெற்றோரிடம் எதையும் சொல்லக்கூடாது என்று அவருக்கும் உத்தரவாம். தலையைக் குனிந்துகொண்டு போவார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆண்டுவிழா வந்தது. தேதி முன்பே அச்சடித்துக் கொடுத்திருந்ததால் அதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. என் மகளுக்கு வண்ணத்துப்பூச்சி வேஷம். என் மனைவி பழைய துப்பட்டாவில் இறக்கை தைத்திருந்தாள். ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் இறக்கை மடங்கும் என்று அவளை நடத்தியே கூட்டிக்கொண்டு போனேன்.

கேட் பூட்டியிருந்தது.

சிறப்பு விருந்தினருக்கு வேறு வேலை வந்துவிட்டதால் விழாவை அடுத்த வாரத்துக்கு மாற்றி அன்று லீவும் விட்டுவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் குரூப்பில் அறிவித்தாயிற்று என்றார் வாட்ச்மேன். என்னை நீக்கியதன் லட்சணம் இதுதான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். நான் மட்டும் இல்லை. ஒரு மயில், ஒரு தபால்காரர், இரண்டு நெற்கதிர், ஒரு நிலா எல்லாம் அவரவர் வீட்டு ஆளோடு வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. ஆட்டோ நிறைய வேஷம் வந்தது. இவர்கள் எல்லோரும் குரூப்பில் இருக்கிறவர்கள்.

மீனாட்சிபுரத்திலிருந்து நிலாவைக் கூட்டிவந்த அம்மா எனக்குத் தெரிந்தவர். மாடு வைத்திருக்கிறார், கயிறு வாங்க வருவார். "ஏனுங்க பாய், இன்னைக்கு இல்லீங்களா?" என்றார்.

"உங்களுக்கு மெசேஜ் வரலீங்களா?"

ஃபோனை எடுத்துப் பார்த்தார். மெசேஜ் இருந்தது. அதன் கீழே அவருடைய கும்பிடும் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு முன்னால் நின்ற முக்கால்வாசிப் பேரின் "நோட்டட் மேம்" அங்கே வரிசையாக நின்றது.

அந்த நேரம் பிரின்சிபாலின் கார் வந்தது, பின்னாலேயே டீச்சரின் ஸ்கூட்டரும். விழா வேலையாக வந்திருப்பார்கள் போல. இறங்கிய மனிதர் கூட்டத்தைப் பார்த்து மிரண்டார். "மெசேஜ் போட்டாச்சே? எல்லாரும் நோட்டட் சொன்னீங்களே?"

மீனாட்சிபுரத்து அம்மாதான் பேசினார். "அது இங்கிலீசுல இருந்துச்சுங்க சார். டீச்சரு எதப் போட்டாலும் நான் ஒரு கும்புடு போட்டுருவேனுங்க. படிக்கத் தெரியாதுன்னு நெனச்சுக்கக் கூடாது பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. பலர் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அவர்கள்மேல் இருந்த இளக்காரம் அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. பிரின்சிபால்மேல் இருந்தது மட்டும் கெட்டிப்பட்டது. ஏனென்றால் அவர் அப்போதும், "தென் யூ ஷுட் ஹேவ் ஆஸ்க்டு" என்று அந்த அம்மாவிடம் இங்கிலீஷில்தான் சொன்னார்.

டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டினார். பிரின்சிபாலை அவர் பார்க்கவே இல்லை. "எல்லாரும் கேளுங்க" என்று சத்தமாகத் தமிழில் ஆரம்பித்தார். விழா எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும், டிரஸ்ஸை மடித்து எப்படி வைக்க வேண்டும், அதுவரை வீட்டுப்பாடம் என்ன என்று எல்லாம் சொன்னார். பிறகு அதையே மலையாளத்தில் ஒரு முறை. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. "புரிஞ்சுதுங்களா?" என்றார். ஒரு தாத்தா "வண்டி வெக்க எடம் இருக்குங்களா?" என்று கேட்டார். என்னைத் தவிர வேறு ஒருவர் அந்தப் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டு நான் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விடும்போது டீச்சர் கேட்டில் நின்று மறுநாள் விவரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பிரின்சிபால் தடுக்கவில்லை. தடுத்தால் மறுபடி வேஷங்கள் வந்து நிற்கும் என்ற பயம் இருக்கலாம். என் மனைவியின் நம்பரையும் சத்தமில்லாமல் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை.

வருடக் கடைசியில் டீச்சருக்கு அரசாங்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. இனி கேட்டில் யார் சொல்வார்கள் என்று பார்த்தால், பிரின்சிபாலே சொல்லக் கிளம்பிவிட்டார். அதற்கு ஒரு பெயர் வைத்து, பேனர் அடித்து, ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கினார். தினமும் சாயங்காலம் கேட்டில் நின்று "டியர் பேரண்ட்ஸ்" என்று ஆரம்பித்து முழுக்க இங்கிலீஷில் பேசுகிறார். எவ்வளவு வெயில் அடித்தாலும் கோட்டு. கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்தப் போட்டோ குரூப்பில் வருகிறது.

மகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாமா என்று வீட்டில் பேசினோம். "என் ஃபிரண்ட விட்டுட்டு வரமாட்டேன்" என்றாள் அவள். ஃபிரண்டு மீனாட்சிபுரத்து நிலா. சரி என்று விட்டுவிட்டோம்.

நிலாவின் அம்மா இப்போது கேட்டுக்கு வருவதில்லை. பிள்ளையை ஆட்டோவில் விடுகிறார். சந்தைக்கு வருகிறபோது என் கடையில் நின்று, "பிள்ளைங்களுக்கு இந்த வாரம் என்னங்க பாய்?" என்று கேட்பார். குரூப்பில் வந்ததில் என் மனைவி காலையில் படித்துச் சொன்னதை நான் சொல்வேன். அதற்குள் பின்னாலிருந்து இன்னும் ரெண்டு பேர் காதைக் கொடுத்திருப்பார்கள். "சத்தமாச் சொல்லுங்க பாய்" என்பார் ஒருவர். சந்தை இரைச்சலுக்கு மேலே கத்திச் சொல்கிறேன்: வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை, கணக்கில் பெருக்கல், அடுத்த வாரம் மீட்டிங்.