எந்தக் கான் என்று சொல்லமாட்டேன்

மாத்தளை பஸ் நிலையத்திலிருந்து எல்கடுவ பஸ் காலை ஆறே முக்காலுக்குப் புறப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது. டிரைவர் பிளேன்டீயை ஆற்றிக் குடித்துவிட்டு ஏறியபோது ஏழேகால். டிக்கட் பதினான்கு ரூபாய். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வயது நாற்பத்தாறு. மாத்தளை கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் வீட்டிலிருந்து அலுவிகாரை வரை சைக்கிள் மிதித்துப் போய், விகாரைக்கு எதிரே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். போக மூன்று கிலோமீட்டர், வர மூன்று. இதை வைத்துக்கொண்டு என்னை நானே சைக்கிள்காரன் என்று சொல்லிக்கொள்வது வழக்கம்.

தார் ரோட்டை விட்டு நான் சக்கரத்தைக் கீழே இறக்கியதே இல்லை. சண்டை நடந்த வருஷங்களில் தமிழன் ஒருவன் சைக்கிளோடு காட்டுப் பாதையில் அகப்பட்டால் பதில் சொல்லி மாளாது என்பது ஒரு காரணம். சோம்பல் இன்னொரு காரணம். இப்போது போர்நிறுத்தம் வந்து ஒரு வருஷம் கடந்துவிட்டது. பஸ் நின்று நின்று போன சோதனைச் சாவடியின் மணல் மூட்டைகள் மேல் யாரோ பூசணிக்கொடி படரவிட்டிருந்தார்கள். பிஞ்சு கூட விட்டிருந்தது. எனக்கு மட்டும் சோம்பலைத் தவிர வேறு சாக்கு இல்லாமல் போயிற்று.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ரவிதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். எல்கடுவைக்கு மேலே ஒரு ஹோட்டல் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கியதும் அங்கே தடித்த டயர் போட்ட ஆறு சைக்கிள்களை வாங்கியிருக்கிறார்கள். பஸ் ரோட்டில் ஏறாமல், தோட்டம், காடு, வயல் என்று போய் இரத்தோட்டையில் இறங்க ஒரு பாதை வேண்டும். பாதையைக் கண்டுபிடித்து, பிற்பகல் மூன்று மணிக்குள் இரத்தோட்டைக்கு வந்துசேருகிறவருக்கே வழிகாட்டி வேலை என்று ஹோட்டல் மேனேஜர் சொல்லியிருக்கிறார். ரவியின் அக்கா செல்வி நான் போகிறேன் என்று முன்வந்திருக்கிறாள். தனியாக வேண்டாம், இரண்டு பேராகப் போங்கள் என்றாராம் மேனேஜர். ஒரு பெண்ணோடு சைக்கிளில் மலை இறங்க, அவர்கள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒருத்தனும் முன்வரவில்லை. "நீங்கதான் பெரிய சைக்கிள்காரராச்சே முதலாளி" என்றான் ரவி, தராசில் மீனைப் போட்டுக்கொண்டே. தப்பிக்க வழி இல்லை.

எட்டரை மணிக்கு ஹோட்டல் வாசலில் செல்வி காத்திருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். தம்பியின் நீளக் காற்சட்டை, அதற்கு மேல் கவுன், தலையில் கொழுந்தெடுக்கப் போகும்போது கட்டுகிற துண்டு.

"நீங்கதான் பாத்திரக்கட அண்ணனா? கியர் சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"நானும் இல்ல. அப்ப சரி" என்று சைக்கிளை என் கையில் கொடுத்தாள்.

அவள் ஓட்டப் பழகியது ரவியின் மீன் சைக்கிளில். ஞாயிற்றுக்கிழமை பெட்டி காலியானதும் தோட்டத்துப் பந்து மைதானத்தில் சுற்றுவாளாம். "ஆறு மாசம் பூனைங்கல்லாம் எனக்குப் பின்னாலயே ஓடியாரும்ணே" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் முதல் கியரைப் போடுவதற்குப் பதில் கடைசி கியரைப் போட்டுவிட்டேன். பெடல் அசைய மறுத்தது.

தேயிலைக்குள் புகுந்ததும் அவள் பேச்சு மாறியது. "இன்னைக்கு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகல. கங்காணிகிட்ட காய்ச்சல்னு சொல்லியிருக்கேன்."

"இந்த வேல கெடைச்சா?"

"கெடைச்சா தோட்டத்துல பேர வெட்டிருவாங்க. அம்மாவுக்கு இன்னும் ஒரு வருஷந்தான் பேரு இருக்கு. அதுக்கப்புறம் வீட்டுல ஒருத்தர் பேராவது செக்ரோல்ல இல்லாட்டி காம்பராவ விடச் சொல்லுவாங்க. அதனால கெடைச்சா நெலையான வேலையா கெடைக்கணும்ணே. வந்து பாரு, அப்புறம் பாப்போம்ங்குற வேலைக்கு நான் காம்பராவ விட முடியாது."

செக்ரோல் என்பது தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப் பட்டியல்; காம்பரா என்பது லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கிற ஒற்றை அறை. அம்மா, தம்பி, இவள், மீன் பெட்டி எல்லாம் அதற்குள்தான். வேடிக்கை பார்க்க வந்த நான் அப்போதுதான் பிரேக்கை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தேன். என் பிரேக் சரியில்லாவிட்டால் இவளுக்கு அந்த நிலையான வேலை கிடைக்காது.

முதல் ஒரு மணி நேரத்தில் நாங்கள் சைக்கிள் ஓட்டவில்லை, சைக்கிளைச் சுமந்தோம். செல்விக்குத் தோட்டத்தில் தெரியாத பாதை இல்லை. ஆனால் அத்தனையும் நடக்கிறவர்களின் பாதை. கொழுந்துக் கூடையோடு நிறுவைக்கு ஓடுகிறவர்கள் சுற்றி வளைத்தா போவார்கள்? மலையின் மண்டையிலிருந்து காலடிக்கு நேரே ஒரு கோடு, நடுநடுவே கல்படி. ஒரு குறுக்குப் பாதை முடிந்து அடுத்தது வந்தால் அது இன்னும் செங்குத்து. மூன்றாவது படிக்கட்டில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. சைக்கிளைத் தொப்பென்று விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

சைக்கிள் விழவில்லை. பக்கத்திலிருந்த கானின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தானே உருண்டு போயிற்று. மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் இருக்கத் தேயிலைச் சரிவுக்குக் குறுக்கே வெட்டுகிற வடிகாலுக்குத்தான் கான் என்று பெயர். அது நேரே கீழே பாயாது. மலையின் இடுப்பைச் சுற்றி, தெரிந்தும் தெரியாமலும் சரிந்துகொண்டே போகும். கான் வெட்டுகிற ஆட்கள் தோண்டிப்போட்ட மண் ஓரத்தில் இறுகி, ஒரு முழ அகலத்துக்கு வரப்பாகிக் கிடந்தது. ஆளில்லாத என் சைக்கிள் அதன் மேல் நல்ல பிள்ளையாகப் பத்துப் பன்னிரண்டு கஜம் போய், ஒரு தேயிலைச் செடியில் சாய்ந்து நின்றது.

இருவரும் அதைப் பார்த்தோம், பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம்.

"பொம்பளைங்க யாரும் கான்ல நடக்க மாட்டோம்ணே. சுத்து வழி. நிறுவைக்குப் போய்ச் சேர முடியாது" என்றாள் மெதுவாக.

"இன்னைக்கு நமக்கு நிறுவ இல்லையே."

அதன்பின் சுகமோ சுகம். ஒரு கான் முடிகிற இடத்தில் சைக்கிளைத் தூக்கி அடுத்த கானில் வைப்போம். வலது தோளைத் தேயிலை உரசும், இடது பக்கம் ஆகாயம். கீழே இரத்தோட்டைத் தகரக் கூரைகள் வெயிலில் மின்னின. செல்வி முன்னால் போய்க்கொண்டே எந்தக் கானில் ஏறினோம், எந்தக் கல் பக்கம் மாறினோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கும் காதில் விழுந்தது.

பதினொன்றரைக்குத் தேயிலை முடிந்து காடு தொடங்கியது. வெளிச்சம் சட்டென்று பச்சையாயிற்று. காட்டுமரங்களுக்கிடையே யாரோ எப்போதோ நட்ட கராம்பும் சாதிக்காயும் நின்றன. மிளகுக்கொடி கண்ட மரத்தில் எல்லாம் ஏறியிருந்தது. டயர் இலையை மிதிக்க மிதிக்க எங்கள் வீட்டு மசாலா டப்பாவைத் திறந்த வாசனை. அட்டைகளும் குறைவில்லை. செல்வி கொண்டுவந்த சவர்க்காரத் துண்டைக் காலில் தேய்த்துக்கொண்டோம். அப்படியும் இரண்டு என்னைத் தேடி வந்தன. நகரத்து இரத்தம் ருசியாக இருக்கும் போல.

காட்டின் நடுவே, வளைவில், இரண்டு சிப்பாய்கள். ஒருவன் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தான். மற்றவன் சின்னப் பையன், மீசை இப்போதுதான். கையை நீட்டி அடையாள அட்டை கேட்டான். போர்நிறுத்தம் என்றாலும் பழைய பழக்கத்தில் அவசரமாக இறங்கி அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். என் அட்டையை இரண்டு பக்கமும் வெகுநேரம் பார்த்தான். பிறகு குனிந்து சைக்கிளைப் பார்த்தான். "கியர் எத்தனை?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"இருபத்தொன்று" என்றாள் செல்வி, அவளும் சிங்களத்தில்.

"நங்கி, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்றான் அந்தப் பையன். நங்கி என்றால் தங்கை.

இல்லை என்று யார் சொல்வது? துப்பாக்கியைத் தோழனிடம் கொடுத்துவிட்டு அவளுடைய சைக்கிளில் ஏறினான். வளைவில் திரும்பி மறைந்தான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். ரேடியோவில் ஒரு விக்கட் விழுந்தது. செல்வி துண்டை அவிழ்த்துக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றாள். "சைக்கிளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எங்க போயி சொல்றதுண்ணே" என்றாள். நானும் தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். கால் மணி கழித்து முகமெல்லாம் வியர்வையும் பல்லுமாகத் திரும்பி வந்தான். ஊரில் இருந்தபோது பந்தயத்தில் ஓட்டியவனாம். பட்டாளத்துக்கு வந்தபின் இன்றைக்குத்தான் பெடலில் கால் வைத்தானாம். இறங்கும்போது சீட்டைக் கையால் துடைத்துவிட்டுக் கொடுத்தான். எனக்கு அவன் மேல் கோபப்பட முடியவில்லை.

இரண்டு மணிக்குக் காடு எங்களைத் தெனியவில் கொண்டுவந்து விட்டது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே எப்போதும் நீர் ஊறிக்கிடக்கிற தாழ்ந்த வயல் நிலத்தைச் சிங்களத்தில் தெனிய என்பார்கள். கொஹில என்கிற முள்தண்டுச் சேற்றுச் செடியும் காட்டுச் சேம்பும் ஆளுயரம் நின்றன. எருமை முதுகில் கொக்கு. நடுவே போகிற வரப்பைப் பிடித்து அந்தக் கரைக்குப் போய்விட்டால் இரத்தோட்டை ஒரு மைல்தான். ஆனால் பாதி வரப்பு போன மழையில் உடைந்திருந்தது. சித்திரை விதைப்புக்கு முன்னால் கட்டிவிடுவோம் என்றார் மண்வெட்டியோடு நின்ற விவசாயி. வலது பக்கம், மரங்களுக்குப் பின்னால், பஸ் ஹாரன் கேட்டது.

"அந்த ரோட்டுல இருநூறு கஜம் போனா வரப்ப சுத்திரலாம். யார் பாக்கப் போறா?" என்றேன்.

"மேனேஜர் சேர் கேட்டா பொய் சொல்லணும். ஏற்கெனவே காய்ச்சல்னு ஒண்ணு சொல்லியாச்சு. ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்ணே" என்று சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள். இடுப்பு வரை போயிற்று. பின்னால் போன எனக்கு அதற்கும் மேலே. விவசாயி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து என் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பிடித்தார். ஒரு செருப்பை அந்தத் தெனியவுக்குக் காணிக்கையாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இரத்தோட்டைக் கடைத்தெருவில் நுழைந்தபோது மணி மூன்றே முக்கால். தேநீர்க் கடை வாசலில் ஹோட்டல் வேன் நின்றது. மேனேஜர், நல்ல மனிதர், எங்கள் கோலத்தைப் பார்த்துச் சிரித்து நாற்காலி போடச் சொன்னார். ரோட்டில் ஏறவேயில்லையா என்று கேட்டார். ஏறவில்லை என்றாள். வரப்பு உடைந்ததையும், கட்டும் வரை விருந்தினர்களை அந்த இருநூறு கஜம் ரோட்டில்தான் கொண்டுபோக வேண்டும் என்பதையும் சொன்னாள்.

"அப்படியென்றால் இன்றைக்கு நீயே ரோட்டில் வந்திருக்கலாமே?"

"வேணாம்னு சொன்னது நீங்க சேர். வேல கெடைச்சப்புறம்னா மாத்திக் கேட்டிருப்பேன். கெடைக்கிறதுக்கு முந்தி எப்புடி கேக்குறது?"

அவர் தலையை ஆட்டினார். தாமதம் பரவாயில்லை, பாதை அருமை, விருந்தினர் வருகிற நாட்களில் சொல்லியனுப்புகிறேன், நாள் சம்பளம் தருகிறேன் என்றார்.

செல்வி காற்சட்டைச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "நாள் சம்பளத்துக்கு நான் வரல சேர். மாசச் சம்பளம்னா வர்றேன். சைக்கிள வேன்ல ஏத்திக்கங்க. பாத எங்கிட்ட இருக்கட்டும்." அதைச் சிங்களத்தில் பணிவாகத்தான் சொன்னாள். ஆனால் எழுந்து நின்று சொன்னாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கூட வந்தீர்களே ஐயா. ஒரு தாளில் வரைந்து தர முடியுமா?"

பாத்திரக்கடைக்காரனுக்கு எந்த அலமாரியில் எந்தக் குண்டான் என்பது தூக்கத்திலும் தெரியும். எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கான் என்பதும் அப்படியே மனதில் இருந்தது. "நான் என் முன்சக்கரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை மஹத்தயா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மிச்ச டீயைக் குடித்தார். ஒன்றாந்தேதியிலிருந்து மாதச் சம்பளத்துக்கு வரச் சொன்னார்.

"காம்பரா?" என்று அவளிடம் தனியாகக் கேட்டேன்.

"ஒரு வருஷம் இருக்குல்லண்ணே. அதுக்குள்ள ஏதாச்சும் பாத்துக்கலாம்." வேனில் வர மறுத்துவிட்டாள். ஏறுகிற பக்கமும் கான் சரிவருமா என்று பார்க்க வேண்டுமாம். ஒற்றைச் செருப்போடு மாத்தளை பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியபோது, அவள் தெனியப் பக்கம் திரும்பிப் பெல்லை ஒரு தரம் அடித்தாள்.

அடுத்த ஞாயிறு அலுவிகாரைக்கு மிதித்தேன். அதே மூன்று கிலோமீட்டர், அதே டீ. ரோட்டோரத்தில் ஒரு வாய்க்கால் ஓடுவதை இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஒருநாள் பார்க்க வேண்டும்.

பயணக் கட்டுரை எழுதுகிறவன் வழியைச் சரியாகச் சொல்ல வேண்டும். பஸ் கட்டணம் சொன்னேன், நேரம் சொன்னேன், எங்கே சவர்க்காரம் தேய்க்க வேண்டும் என்றும் சொன்னேன். எந்தக் கானில் ஏறி எந்தக் கல்லருகே மாற வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை. அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் எல்கடுவைக்குப் போய்ச் செல்வியைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.