பால் ஊற்றின கடல்பாசி

புனேயில் எங்கள் ஆய்வுக்கூடத்து ரோபோ, வளையும் ஊசி ஒன்றைத் திருப்பித் திருப்பி உள்ளே தள்ளும். ஊசி இரத்தக்குழாயைச் சுற்றி வளைந்து போய், பின்னால் ஒளிந்திருக்கும் கட்டியைத் தொட வேண்டும். உடம்புக்குப் பதில் நாங்கள் வைப்பது கடல்பாசி, காய்ச்சினால் ஜெல்லியாக உறையுமே அது. அதைக் காய்ச்சும் உத்தியோகம் என் தலையில். கட்டிக்குப் பதில் உள்ளே திராட்சை போட்டு, வீட்டில் உறையவைத்து எடுத்துப் போவேன். அங்கே போய் இரத்தக்குழாய்க்குப் பதில் ஒரு குழலைச் செருகுவோம். கடல்பாசி கண்ணாடி மாதிரி இருப்பதால் ஊசி போகிற வழி காமிராவில் தெரியும்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் ஒரு பெண் சர்ஜன் பார்க்க வந்தார். அவர் சரி என்றால் ஆட்டு ஈரலில் சோதனை, இல்லையென்றால் இரண்டு வருஷ உழைப்புக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். டப்பாவைத் திறந்தேன். வெள்ளை வெளேரென்று பால் கடல்பாசி! சர்ச் பாடகர் குழு வீட்டுக்கு வருகிறதென்று சர்க்கரையும் திராட்சையும் போட்டுச் செய்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், அவசரத்தில் டப்பா மாறிவிட்டது.

"ஹே காய்?" என்று மராத்தியில் கேட்டார் டாக்டர், இது என்ன என்று. ஹிந்தியில் உளறி உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உடம்புக்குள்ளே மட்டும் கண்ணுக்குத் தெரியுமா? ஸ்கேன் வெச்சுப் போங்க" என்றார்.

ஸ்கேன் கருவி எங்களிடம் இல்லாமலில்லை. அதை நம்பி ஊசியை விடப் பயந்து, இத்தனை நாள் காமிராவைக் கட்டிக்கொண்டு அழுதோம். குழலைச் செருகி ஸ்கேன் வைத்ததும் திரையில் மூன்று திராட்சைகள் கறுப்பாகத் தெரிந்தன. டாக்டர் வேண்டுமென்றே குழலுக்குப் பின்னால் ஆழத்தில் இருந்ததைக் காட்டினார்.

ஊசி நேராகக் குழலைப் பார்த்துப் போனது. போச்சுடா என்று நினைத்தேன். ரோபோ அதை அரைச்சுற்று திருப்பியது. ஊசி விலகி, குழலை ஒட்டாமல் வளைந்து போய் நின்றது. டாக்டர் தானே கத்தியால் கடல்பாசியை வெட்டினார். ஊசி முனை திராட்சைக்குள் இருந்தது. நான் கூச்சமே இல்லாமல் கைதட்டினேன்.

"ஈரலுக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்தபோது கணவர் போன் செய்தார். கடல்பாசி சப்பென்று இருக்கிறதாம், பாடகர் குழு மரியாதைக்கு விழுங்கிக்கொண்டிருக்கிறதாம். நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"டாக்டர் சரின்னுட்டாங்க" என்றேன்.

அவர் அதை அங்கே எல்லோருக்கும் சத்தமாகச் சொல்வது கேட்டது. சர்க்கரை இல்லாத கடல்பாசியைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்காக அந்தக் குழு முழுக்கப் பாட ஆரம்பித்துவிட்டது.