பக்கத்து வீட்டுக் கோழியின் எலும்பு

நாய்க்கு எலும்பு போடலாமா என்று எங்கள் தெருவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருகிறார்கள். நான் விலங்கியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன், ஆகவே தெரிந்திருக்கும் என்று நம்பி வருகிறார்கள். ஒரு நாயைக் கொல்லப் பார்த்தவன் என்ற தகுதியில்தான் நான் பதில் சொல்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பதில் நீளமானதல்ல. சமைத்த எலும்பு கூடவே கூடாது. அது கோழியா, மாடா, ஆடா என்பதில் பேதமில்லை. பச்சை எலும்பு அவ்வளவு மோசமில்லை என்பார்கள். ஆனால் அதிலும் பல்லை உடைப்பது உண்டு, கிருமி உண்டு. கடையில் விற்கும் கடிபொருள் என்றால், நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும். விழாவிட்டால் அது நாயின் பல்லைவிடக் கடினம். எதைக் கொடுத்தாலும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் வழக்கம்போலக் கோழிக்காலைப் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த நாய் சுனாமிக்குப் பிறகு என் மனைவியின் தமக்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. மச்சாள் மட்டக்களப்புக்கு வடக்கே வாகரையில் கடற்கரையோரம் இருந்தவர். கணவர் நெடுநாளுக்கு முன்பே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள் காலையில் அவர் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது இந்த நாய் ஒரு பாரை மீன் தலையைக் கவ்விக்கொண்டு ஓடியிருக்கிறது. மச்சாள் மீன் தலையை இலேசில் விட்டுக்கொடுப்பவர் அல்ல. விறகுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு, ஏசிக்கொண்டே ரோட்டைக் கடந்து மணல் மேடு வரைக்கும் துரத்தினார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் கடல் இருந்தது. தெருவில் பலபேர் இல்லை.

இந்தக் கதையை அவர் ஒரு முறைதான் சொன்னார். நாய் தன்னைக் காப்பாற்றியது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "கள்ளன்" என்றுதான் அதைக் கூப்பிடுவார். ஆனால் பழைய வாழ்க்கையில் அவருக்கு மிஞ்சியது அந்தக் கள்ளன் மட்டும்தான் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த நாட்களில் மட்டக்களப்பில் கடல் மீனை யாரும் வாங்கவில்லை. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை. மாதங்கள் போக மற்றவர்கள் பழையபடி சாப்பிடத் தொடங்கினார்கள். மச்சாள் தொடங்கவில்லை. அதனால் எங்கள் வீட்டில் கோழி அடிக்கடி கொதித்தது. நாயோ பிறந்ததிலிருந்து மீனில் வளர்ந்தது. மச்சாள் அதற்கென்று வாவி மீன் வாங்கி, அவித்து, சோற்றோடு பிசைந்து, விரலால் தடவித் தடவி முள்ளையெல்லாம் எடுத்துவிட்டு வைப்பார். கோழி எலும்புகளைக் கடதாசியில் சுற்றிக் குப்பையில் ஆழமாகப் புதைப்பார்.

நான் கேலி செய்தேன். மச்சானும் மச்சாளும் ஒருவரையொருவர் கடிப்பது எங்கள் பக்கத்தில் உரிமை. நாங்கள் அதைக் குறையில்லாமல் செய்தோம். நாய்க்கு முள் எடுத்துக் கொடுப்பது பூனைக்குப் பால் ஆற்றிக் கொடுப்பதுபோல என்றேன். அவர் நிமிர்ந்தும் பாராமல், "முள்ளில வளந்ததுக்கு முள்ளு பழக்கம்தான், எனக்குத்தான் மனம் கேக்காது. கோழி எலும்பு அதுக்கும் பழக்கமில்ல. உங்களுக்கு விளங்காட்டி அதுக்கிட்டக் கேளுங்க" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், எனக்கு விளங்கும். எலும்பை அமிலத்தில் ஊறவைத்தால் இறப்பர்போல வளையும், நெருப்பில் சுட்டால் நொறுங்கும் என்று வருடாவருடம் வகுப்பில் செய்து காட்டியவன் நான். சூடு பட்ட எலும்பு ஊசியாகப் பிளக்கும் என்று கரும்பலகையில் படமும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த நாய் என்னை மதிப்பதில்லை. நான் கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் அசைக்கும். நான் காலை நீட்டிச் சாயும் சாய்மனைக் கதிரைக்குக் கீழே படுத்திருக்கும், என்னிடம் படுத்திருப்பதாகக் காட்டிக்கொள்ளாது. ஓய்வு பெற்றவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

வாகரைப் பக்கம் சண்டை நடந்து முடிந்து பாதை திறந்த வருடம், சுனாமியில் போனவர்களின் நினைவு நாளுக்கு மச்சாளும் என் மனைவியும் அங்கே போனார்கள். நாயை என்னிடம் விட்டுப் போகவேண்டியிருந்தது. மச்சாளுக்கு அது பிடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியும் வாசல் படலையில் நின்றார்.

"மச்சான், அவிச்ச மீன் சட்டிக்குள்ள கிடக்கு. பிசைஞ்சு வைங்க. கோழி எலும்பு மட்டும் போட ஒண்ணா. விளங்கிச்சா?"

"ஓம், ஓம். போயிற்று வாங்க."

"அதுக்கு ஒண்டு நடந்தா நான் இந்தப் படலைக்குள்ள வரமாட்டன்."

அன்று நத்தார். பக்கத்து வீட்டில் இருந்த, போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கி அம்மா, நான் தனியே இருப்பதை அறிந்து, தட்டில் சோறும் ஒரு முழுக் கோழியும் துணி மூடி அனுப்பியிருந்தார். முழுவதும் எனக்கு. அந்த வீட்டுக் கோழிப் பொரியலுக்கு நிகராக இந்த ஊரில் எதுவும் இல்லை. நான் முதல் காலைச் சாப்பிட்டு முடிக்கும்போது நாய் என் முன்னால் வந்து உட்கார்ந்தது. என்னை நேராகப் பார்த்தது, வாலை ஆட்டியது. எங்கள் வீட்டுக்கு வந்து அத்தனை காலத்தில் அது எனக்கு வால் ஆட்டியது அதுவே முதல் தடவை.

அமிலம், நெருப்பு, கரும்பலகை எல்லாம் மறந்துபோனது. மறக்கவில்லை, ஒத்திவைத்தேன் என்பதுதான் சரி. ஒரு எலும்புதானே என்று போட்டேன். அது கடித்து நொறுக்கிய சத்தம் கைதட்டல்போல இருந்தது. பிறகு கோழி முழுவதையும் நாங்கள் இருவரும் பங்கிட்டோம். சதை எனக்கு, எலும்பு அதற்கு. அன்று பின்னேரம் அது என் காலில் தலையை வைத்துப் படுத்தது. நான் வென்றுவிட்டேன்.

அடுத்த நாள் அது சாப்பிடவில்லை. முற்றத்தில் குந்திக் குந்தி முக்கியது, ஒன்றும் வரவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. வயிற்றில் கை வைத்தேன், பலகைபோல இருந்தது. முச்சக்கர வண்டி பிடித்து, நாயை மடியில் வைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினேன். வழியெல்லாம் எனக்குத் தெரிந்த தெய்வங்களோடு பக்கத்து வீட்டாரின் மாதாவையும் சேர்த்துக் கூப்பிட்டேன்.

வைத்தியர் என்னிடம் படித்தவர். நாயின் வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிட்டது என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"சேர், சுட்ட எலும்பு எப்பிடி உடையும் எண்டு நீங்கதானே எங்களுக்குக் காட்டின" என்றார்.

"ஓம் மகன்."

"அண்டைக்கு நான் கை தட்டினன், ஞாபகம் இருக்கா?"

குடலில் எலும்புத் தூள் சீமெந்துபோல இறுகியிருக்கிறது, துண்டு ஏதாவது குடலைக் கிழித்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பின்பக்கம் குழாய் வைத்து இளஞ்சூட்டு நீர் ஏற்றினார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். நாய் என்னைக் கடித்திருக்கலாம், கடிக்கவில்லை. வெளியே வந்ததை அவர் எனக்குக் காட்டினார். வெள்ளைக் கட்டிகள், அவற்றுக்குள் ஊசிகள். இரத்தம் இல்லை. நாய் பிழைத்தது.

மச்சாள் திரும்பி வந்தபோது அது எழுந்து ஓடிப்போய் வரவேற்கவில்லை. பாயில் கிடந்தபடி வாலை மட்டும் ஆட்டியது. அவர் கைப்பையைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார். எலும்பு அடைத்துவிட்டது, வைத்தியரிடம் காட்டியாயிற்று என்றேன்.

"எந்த எலும்பு?"

"பக்கத்து வீட்டுக் கோழி."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனால்தான் இது என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகக் கேவலமான பொய். மச்சாள் வேலியைப் பார்த்தார். வேலிக்கு மேலால் ஒரு கை எலும்பை எறிவதை அவர் மனதில் பார்த்தார். அந்தக் கையை நான் தடுக்கவில்லை.

வேலியில் ஒரு பொட்டு, கை நுழையும் இடைவெளி, இருந்தது. அதன் வழியாக மச்சாளும் பறங்கி அம்மாவும் கறிவேப்பிலையும் ஊர்க்கதையும் மாற்றிக்கொள்வார்கள். சுனாமிக்குப் பிறகு மச்சாள் சிரித்த சிரிப்பில் பாதி அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் சிரித்தது. அன்று பின்னேரமே அவர் ஒரு தென்னோலைக் கிடுகை எடுத்து அதை அடைத்துக் கட்டினார். அந்தப் பக்கம் திரும்புவதையும் விட்டார்.

சில நாள் கழித்துப் பறங்கி அம்மா என்னை ரோட்டில் மறித்தார். "மாஸ்டர், நான் ஏதும் பிழை செய்தனா? அவ முகம் குடுக்கிறாவில்ல" என்றார். வாகரைக்குப் போய் வந்ததிலிருந்து அவருக்கு மனம் சரியில்லை, பழைய நினைவு என்றேன். அந்த அம்மா உடனே கண்கலங்கி, பாவம், தொந்தரவு செய்யமாட்டேன் என்று போனார். ஒரு கோழி எலும்பை மறைக்க நான் கடலைக் கொண்டுவந்து மூடினேன். இதை எழுத இன்றும் கூச்சமாக இருக்கிறது.

போர் முடிந்த பிறகு வெளிநாட்டிலிருந்து என் மகன் வந்தான். நாய்க்கும் ஒரு பொருள் கொண்டுவந்திருந்தான். தோலில் செய்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, எலும்பு உருவத்தில் வெள்ளையாக இருந்தது. மச்சாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன மகன், செருப்புக்கு வெட்டின மிச்சமா?"

நாய் மெல்லுவதற்கு என்றான். பல்லுக்கு நல்லதாம். ஆனால் ஊறிச் சின்னதானதும் வாங்கிவிட வேண்டுமாம், விழுங்கினால் அடைக்குமாம், உறையில் எழுதியிருந்தது.

"அப்ப திங்க ஒண்ணாத தீனைக் காசு குடுத்து வாங்கி, மறுகா அதின்ர வாயில இருந்து பறிக்கிற. நல்ல ஊர்" என்றார் மச்சாள்.

எல்லோரும் சிரித்தோம். நாய் அதற்குள் அதைக் கவ்விக்கொண்டு என் கதிரைக்குக் கீழே போய்விட்டது. பேச்சில் இருந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு சத்தம் கேட்டது. ஊறிய முடிச்சு தொண்டையில் நின்று, நாய் கழுத்தை நீட்டிக்கொண்டு மூச்சுக்குத் திணறியது. நான் எப்படிக் கீழே இறங்கினேன் என்று தெரியாது. முழங்காலில் இருந்தேன், கை நாயின் வாய்க்குள் இருந்தது. வழவழவென்று ஒன்று விரலில் பட்டது. இழுத்தேன், வந்தது.

"இன்னொருக்கா என்ர கையால இது சாகப் பாக்க ஏலா" என்று நான் சொன்னது எனக்கே கேட்டது.

மகன் தண்ணீர் எடுக்க ஓடினான். மச்சாள் அசையவில்லை.

"இன்னொருக்கா உங்கட கையாலயா?" என்றார்.

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை. நிலத்தில் இருந்தபடியே, கையில் அந்தத் தோல் முடிச்சை வைத்துக்கொண்டு, தட்டு, கோழி, வால் ஆட்டியது, பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு எழுந்து முற்றத்துக்குப் போய் வேலியில் கட்டிய கிடுகைப் பிய்த்து எறிந்தார். "அக்கா, நிக்கிறிங்களா?" என்று அவர் கூப்பிட்டது கேட்டது. வெகுநேரம் பேசினார்கள். நடுவில் அந்தப் பக்கமிருந்து பெரிய சிரிப்பு ஒன்று வந்தது. அது என்னைப் பற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த நாள் நானும் போய் மன்னிப்புக் கேட்டேன். கோழி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா.

மச்சாள் என்னோடு பேசுவதை நிறுத்தினார். சொல்ல வேண்டியதை நாயிடம் சொல்வார். "கள்ளா, சோறு ஆறுதாம் எண்டு சொல்லு." "கள்ளா, படிச்சவர் சேட்டுப் பொத்தானை மாறிப் பூட்டியிருக்கிறார்." நாய் என்னைப் பார்க்கும், நான் எழுந்து போவேன். சுனாமி வீட்டுத் திட்டத்தில் வாகரையில் அவருக்கு வீடு கிடைத்து அவர் நாயோடு புறப்படும் வரைக்கும் இப்படித்தான் நடந்தது. பஸ் ஏறும்போது நேராக என்னைப் பார்த்து, "மச்சான், வாறதெண்டா வெறுங்கையோட வாங்க" என்றார்.

பாதி மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு, மழை விட்டதும் போனேன். படலையிலேயே என் பையை வாங்கித் திறந்து பார்த்தார். வாழைப்பழம் மட்டும் இருந்தது. சேட்டுப் பையையும் தட்டிப் பார்த்தார். நாய் கிழடாகி, வாசலில் படுத்திருந்தது. மச்சாள் ஒரு கோப்பையில் அவித்த மீனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"கையைக் கழுவிற்று வந்து முள்ளெடுங்க."

நிலத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, அவர் செய்வதுபோலவே விரலால் தடவித் தடவி எடுத்தேன். வெகுநேரம் எடுத்தது. முடித்து நீட்டினேன். அவர் நாயிடம் கொடுக்கவில்லை. கோப்பையை மடியில் வைத்து முழுவதையும் திரும்பப் பிசைந்து பார்த்தார். ஒரு முள்ளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.