டிரைவர் கை மிளகாய்

சாப்பாட்டுக்கடை அம்மாவுக்குக் கண்புரை எடுத்த கையோடு டாக்டர் சொல்லிவிட்டார்: "கொஞ்ச நாளைக்கு மிளகாய் பக்கமே போகாதீங்கம்மா." அம்மா அரைக்கும் பச்சை மிளகாய் விழுதுக்காகவே கடைக்கு ஆள் வரும். சமையலாட்களோ கை எரியும் என்று நழுவினார்கள். அப்போதுதான் கணவர் முன்வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, வீட்டில் பொழுது போகாமல் தவித்தவர். தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடும்.

"மலைப்பாதையில பஸ் ஓட்டினவன், மிளகாய்க்கா பயப்படுவேன்?"

முதல் நாள் வெறுங்கையால் ஒரு கூடை மிளகாயை வெட்டித் தள்ளினார். வியர்வையைத் துடைத்த கை கண்ணில் பட்டது. குய்யோ முறையோ என்று குழாயடிக்கு ஓடினார். அம்மா அவர் கையைச் சோப்பு போட்டுக் கழுவவைத்து, கண்ணைத் திறந்து பிடித்து நிறையத் தண்ணீர் விட்டார். அப்புறம் எரிந்த விரல்களில் எண்ணெய் தேய்த்து மறுபடியும் சோப்பு போட்டார்.

"போதும்ங்க. வெளியாளைப் பார்த்துக்கலாம்."

மறுநாள் கடைக்கு வந்த டிரைவரைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, பைக்கில் போகும்போது போடும் கண்ணாடி! மேசையை ஜன்னலோரம் இழுத்தார். நெடி வெளியே போகட்டும் என்று மின்விசிறியை முதுகுப்பக்கம் வைத்தார். மிளகாய்க்கென்றே தனிப் பலகை, தனிக் கத்தி. காம்பைக் கிள்ளி, நீளவாக்கில் பிளந்து, காரம் குடியிருக்கும் வெள்ளை நரம்பைக் கரண்டியால் வழித்தெடுத்து, அம்மா சொன்ன பக்குவத்தில் விழுதாக அரைத்தார்.

"உட்கார்ந்துட்டா கை மூஞ்சிக்குப் போகக் கூடாது. போன் வந்தா நீயே பேசிடு."

ஒருநாள் அவர் வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் கைக்குழந்தையோடு வந்தாள். வெகுநாள் கழித்து வந்த பேத்தி தாத்தாவைப் பார்த்துக் கையை நீட்டித் துள்ளியது. டிரைவர் எழுந்து பின்வாங்கினார்.

"கிட்ட வராதேம்மா!"

மகளின் முகம் சுண்டிப்போனது. "என்னப்பா, பிள்ளையைத் தூக்க மாட்டீங்களா?"

"தூக்காம எங்கடி போறேன்? கொஞ்சம் பொறு."

கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உரித்துப் போட்டார். எண்ணெய் தேய்த்து, நகக்கண் வரை சோப்பு போட்டார். சட்டையை மாற்றினார். கடைசியில் விரலைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்து, எரியவில்லை என்று தெரிந்த பிறகே பேத்தியை வாங்கினார். அது உடனே அவர் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. மூவரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். பேத்தியோ பொக்கை வாயால் சிரித்தது. அம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மதியம் வழக்கமாகச் சாப்பிட வரும் தையல்காரர் விழுதைத் தொட்டு நக்கிவிட்டுக் கேட்டார்: "கண்ணு சரியாயிடுச்சாம்மா? பழைய ருசி வந்துடுச்சே!"

"என் கை இல்ல," என்றார் அம்மா, உள்ளே இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி. "எங்க வீட்டுக்காரர் கை!"